அம்மைக்கு ஓர் ஆசனம்!

சிவாலயத்தில் பிராகாரம் சுற்றும்போது, அறுபத்துமூவர் வரிசையை ஒரு நிமிடம் நின்று கவனித்திருக்கிறீர்களா? நாயன்மார்கள் கைகூப்பி நிற்பார்கள். ஒருவர் மட்டும் அமர்ந்திருப்பார். அவர்தான் காரைக்கால் அம்மையார்! பெரும்பாலான சிவன் கோயில்களில் இப்படித்தான்.

இளமையும் அழகும் வேண்டாம் என்று உதறி, எலும்பும் தோலுமாக உருமாறி, கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையால் நடந்து சென்றவர் அவர். உலகுக்கே அம்மையப்பனான ஈசன், அவரை ‘அம்மையே’ என்று அழைத்தார். அம்மா என்று அழைத்த பிறகு நிற்க வைக்கலாமா? அதனால்தான் அந்த ஆசனம் என்பார்கள் பெரியவர்கள்.

சரி, நம் வீட்டில் உள்ள அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஆசனம் எங்கே இருக்கிறது? ஹாலில் சோபா உண்டு. ஆனால், அதில் புதைந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டும். பூஜையறையில் மணைதான். குளியலறையில் அதுவும் இல்லை!

‘மாமியாருக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை. உட்கார்ந்த இடத்துக்கே காபி, டிபன் போய்விடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல மனசுதான். ஆனால் அந்த மாமியார், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கலாம். ராத்திரி எழுந்தால் இருட்டு, பாத்ரூம் வாசலில் திட்டு, உள்ளே ஈரம். அசந்து தூங்கும் உங்களை எழுப்பவும் மனசு வராது. ஏகாதசி தவறாமல் விடியற்காலையில் நீராடியவர், இப்போது ‘உடம்பு முடியலை’ என்று படுத்திருப்பார். முடியாதது உடம்புக்கா, அந்தக் குளியலறையிலா?

எது உண்மையான தொண்டு?

வயதானவர்களுக்கு எல்லாவற்றையும் நாமே செய்வதா? அவர்களே செய்துகொள்ள வழி அமைத்துத் தருவதா?

நாற்பது வருடம் குடும்பத்தைக் கட்டி ஆண்டவர், ஒரு நாளைக்குப் பத்து முறை ‘அம்மாடி, கொஞ்சம் வாயேன்’ என்று கூப்பிட வேண்டியிருந்தால், அவர் மனம் கூசாதா? நாமும் மனிதர்கள்தானே! முதல் முறை சிரித்துக்கொண்டே போகிறோம். பத்தாவது முறை முகம் மாறிவிடுகிறது. பிறகு ராத்திரி படுக்கும்போது, ‘ஐயோ, இப்படிக் கடுகடுத்துவிட்டோமே’ என்று உறுத்துகிறது.

சுவரில் பதித்த கைப்பிடி முகம் சுளிக்காது. ராத்திரி இரண்டு மணிக்கும் அலுத்துக்கொள்ளாது! அதைப் பொருத்தியதோடு கடமை தீர்ந்தது என்று அர்த்தமில்லை. தூக்கிப் பிடிக்கும் வேலையை அது பார்த்துக்கொண்டால், பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச நமக்கு நேரம் மிஞ்சும். கைப்பிடியால் தர முடியாதது அதுதானே?

எதை மாற்றலாம்?

‘வாசற்படியில் மகாலட்சுமி வாசம் செய்கிறாள். அதை எடுக்கலாமா?’ என்று கேட்பீர்கள். வேண்டாம். தலைவாசல் நிலைப்படிக்கு வழக்கம்போல் மஞ்சள், குங்குமம் வையுங்கள். பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி போதும். காலைத் தடுக்கும் குளியலறைத் திட்டைச் சரிவாக்க எந்த சாஸ்திரமும் தடை சொல்லவில்லை.

குளியலறையிலும் கழிவறையிலும் கைப்பிடிகளைச் சுவரில் துளையிட்டு உறுதியாகப் பொருத்துங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆளைத் தாங்காது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவரே அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளியிலிருந்தும் திறக்க முடிகிற தாழ்ப்பாள் நல்லது. கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் சுவிட்ச், வழி நெடுக மங்கலான விளக்கு... இவை பெரிய செலவா?

வாடகை வீடா? ரப்பர் விரிப்பும், வழுக்காத கால்களுள்ள நாற்காலியும் வீட்டுக்காரரைக் கேட்காமலே போடலாமே! பூஜையறையில் கையுள்ள நாற்காலி ஒன்று போட்டு, விளக்கை அதிலிருந்தே ஏற்றும் உயரத்தில் வையுங்கள். அவர் விட்டுவிட்ட திருவிளக்கு பூஜை அவருக்கே திரும்பக் கிடைக்கும்.

ஆகமப்படி நடக்கும் ஆலயங்களே வழிவிட்டிருக்கின்றன. பழநியில் 1966-ல் வின்ச் வந்தது. 2004-ல் ரோப்கார் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கும் 2024-ல் ரோப்கார் வந்துவிட்டது. முருகனும் நரசிம்மரும் கோபித்துக்கொண்டார்களா என்ன? பூஜை மாறவில்லை; போய்ச் சேரும் வழிதான் மாறியது.

தமிழகத்தில் 2011 கணக்கெடுப்பின்போது நூறு பேரில் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2031-ல் அது பதினெட்டு ஆகும் என்பது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் கணிப்பு. கோவை போன்ற ஊர்களில் முதியோருக்கென்றே குடியிருப்புகள் எழும்புகின்றன. அங்கே போக விரும்பும் பெற்றோரைக் குறை சொல்லாதீர்கள், பிள்ளைகளையும் தூற்றாதீர்கள். சிலர் பாசம் குறைந்து போவதில்லை; யார் கையையும் எதிர்பார்க்காமல் நடமாடலாம் என்றே போகிறார்கள். அந்தச் சுதந்திரத்தில் பாதியை நம் வீட்டிலேயே தந்துவிட முடியும்.

வருகிற வெள்ளிக்கிழமை வீடு மெழுகித் துடைத்த பிறகு, ஈரம் காய்ந்ததும் உங்கள் மாமியாரிடமோ அம்மாவிடமோ கேளுங்கள்: ‘இந்த வீட்டில் உங்களுக்கு எந்த இடத்தில் பயமாக இருக்கிறது?’ உடனே சொல்ல மாட்டார்கள். ‘ஒண்ணுமில்லேம்மா’ என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். அவர்கள் காட்டுகிற இடத்தில் முதல் கைப்பிடி வரட்டும். அம்பிகை மனம் குளிர்வாள்!