முடிவு தெரிந்த அச்சம்

அச்சம் விலக்கத்தக்க உணர்வு என்று கொள்ளும் பொதுக்கருத்துக்கு, நுழைவுச்சீட்டு வாங்கி, வெயிலில் வரிசையில் நின்று, அஞ்சுவதற்காகவே ஏறி அமரும் மனிதர் விளங்காத புதிராகவே இருந்துவருகிறார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைக் கூறுகிறது. மேடும் பள்ளமுமாக வளையும் இரும்புத் தடத்தில், எஞ்சின் இல்லாத பெட்டிகள் பெரும்பாலும் தம் எடையைக் கொண்டே ஓடும் ரோலர் கோஸ்டரில் பிறக்கும் அச்சம் இந்த நான்கில் எதிலும் நேராக அடங்குவதில்லை. ஏனெனில் அது வந்து தாக்குவதன்று, தேடிச்சென்று அடைவது. சேலம், நாமக்கல் சமவெளியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. மரவள்ளிக் கிழங்கின் விலை, விசைத்தறிக்கு வாங்கும் நூலின் விலை, லாரிக்கு வாங்கிய கடனின் மாதத் தவணை என அச்சத்துக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நிலப்பகுதியில், ஒருவர் காசு கொடுத்து மேலும் ஓர் அச்சத்தை வாங்குவது ஏன்?

இந்த நாட்டம் பொழுதுபோக்குப் பூங்காக்களோடு வந்ததன்று. கொங்குப் பேச்சில் தூரி எனப்படும் ஊஞ்சலை ஆடிப் பதினெட்டில் புளிய மரத்திலும் வேப்ப மரத்திலும் கட்டி, கால் கிளையைத் தொடும் அளவுக்கு உந்தி ஆடிய பெண்கள், இன்றைய ரோலர் கோஸ்டர் அளிக்கும் அதே வயிற்றுக் கூச்சத்தைச் செலவின்றி அனுபவித்தவர்கள். மேலே ஏறும் தூரி ஒரு கணம் நின்று கீழே திரும்பும் இடத்தில் உடலின் எடை ஏறக்குறைய இல்லாமற்போகிறது; கோஸ்டர் ஆர்வலர்கள் உலகெங்கும் தேடி அலைவது, பெட்டி ஒரு மேட்டைத் தாண்டும்போது இருக்கையிலிருந்து உடல் எழும்பும் இந்த எடையற்ற நொடியைத்தான். தூரிக்கு அடுத்த படி திருவிழா ராட்டினம். சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவை ஒட்டியும், மாவட்டப் பொருட்காட்சிகளிலும், குடை ராட்டினமும் ராட்சத ராட்டினமும் கப்பல் போல் முன்னும் பின்னும் வீசும் கொலம்பஸும் சில வாரங்களுக்கு நிறுவப்படுகின்றன.

அவை நிறுவப்படும் முறை கவனிக்கத்தக்கது. லாரியில் வந்திறங்கும் இரும்புக் கால்கள் மண்ணில் நேரடியாக ஊன்றப்படுவதில்லை. அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, மட்டம் பார்த்து, கட்டை அமுங்கினால் இன்னொன்றைச் செருகி, அதன் மேல்தான் சக்கரம் எழுப்பப்படுகிறது. சக்கரத்தை ஓட்டுபவர் வருவோரை வந்த வரிசையிலேயே ஏற்றுவதில்லை. ஒரு பெட்டியில் கனத்த குடும்பம் ஒன்று அமர்ந்தால், சக்கரத்தை அரைச் சுற்று சுழற்றி, எதிர்ப்பக்கப் பெட்டியில் ஏறக்குறைய அதே எடைக்கு ஆள் ஏற்றுகிறார். ஒரு பக்கம் மட்டும் பாரம் மிகுந்தால் சக்கரம் திணறும் என்பது அவருக்குக் கண்ணளவாகவே தெரியும். மனிதர்களை எடை போட்டுப் பார்க்கும் அந்தப் பார்வையில் மரியாதைக்கு இடமில்லை. உயிர் அதில்தான் இருக்கிறது.

பெரிய கோஸ்டரில் ஏற விரும்பும் சேலத்துக்காரர் இன்றும் வெளியூர்தான் செல்ல வேண்டும். பெங்களூருவை அடுத்த பிடதியில் 2005-இல் தொடங்கப்பட்ட வொண்டர்லா பூங்காவில், சுழன்று சென்ற தடத்திலேயே பின்னோக்கித் திரும்பும் ரீகாயில் என்னும் கோஸ்டர் இருக்கிறது. அதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே இள்ளலூரில் திறந்த பூங்காவில், தடத்துக்குக் கீழே கால்கள் தொங்க அமர்ந்து செல்லும் தஞ்சோரா என்னும் கோஸ்டர் இருக்கிறது. இத்தகைய ஊர்திகளின் அடிப்படைக் கணக்கு எளிமையானது. சங்கிலி பெட்டிகளை உச்சிக்கு இழுத்துச்செல்கிறது. அதன் பின்னர் புவியீர்ப்பே அவற்றை ஓட்டுகிறது. 40 மீட்டர் உயரத்திலிருந்து உராய்வின்றி விழும் பெட்டி அடிவாரத்தில் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகம் பெறும். பெட்டியில் இருப்போர் ஒல்லியா பருமனா என்பது இந்தக் கணக்கை மாற்றுவதில்லை. உராய்வு ஒவ்வொரு வளைவிலும் சிறிது ஆற்றலைத் தின்றுவிடுவதால், இவ்வகைத் தடத்தில் முதல் ஏற்றத்தை விட உயரமான ஏற்றம் பின்னர் வருவதில்லை. சரிவைக் கொண்டு வேலை வாங்கும் இந்த உத்தி கொங்கு உழவருக்குப் புதிதன்று. கிணற்று மேட்டிலிருந்து எருதுகள் சரிவில் இறங்கும்போது அவற்றின் எடையும் இழுவையும் சேர்ந்து தண்ணீர் மொண்ட சால் என்னும் கலத்தை மேலேற்றின. அந்த இறைவைக்கு இந்த வட்டாரத்தில் கவலை என்றே பெயர். சொல் பொருத்தம் தற்செயலானதாகவே இருக்கட்டும்.

உலக வரலாற்றிலும் ரோலர் கோஸ்டரின் தோற்றம் உழைப்பிலும் குளிரிலும்தான் இருக்கிறது. ரஷ்யாவில் மரச் சட்டங்களின் மேல் உறைபனி பூசிச் சறுக்கிய மேடுகள் முதல் வடிவம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1827-இல் நிலக்கரியை மலையிலிருந்து கீழிறக்க அமைந்த சரிவு இரயில்பாதை, பின்னாளில் சுமை குறைந்ததும் மனிதர்களை ஏற்றி வேடிக்கை காட்டியது. 1884-இல் லாமார்க்கஸ் தாம்ப்சன் நியூயார்க்கின் கோனி தீவில் 5 சென்ட் கட்டணத்தில், மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிய ஊர்தியே வணிகமாக வென்றது. அச்சத்தைப் பெருக்கியவர் ஜான் மில்லர் என்னும் பொறியாளர். ஆனால் அவர் கண்டுபிடித்தவை பெரும்பாலும் பாதுகாப்புக் கருவிகள். தடத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு பெட்டி மேலெழும்பாமல் தடுக்கும் கீழ்ச்சக்கரம் வந்த பிறகே செங்குத்தான இறக்கங்கள் இயன்றன. உச்சிக்கு ஏறும்போது எழும் ‘டக் டக்’ ஓசையும் அத்தகையதே. சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னோக்கிச் சரியாமல், பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து பிடித்துக்கொள்ளும் கொக்கியின் ஓசை அது. ஏறுவோர் நெஞ்சில் அதிக நடுக்கத்தை உண்டாக்கும் அந்த ஓசை, அவர்களைக் காக்கும் கருவியின் ஓசை.

இங்கே ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் துணைக்கு வருகிறார். 1959-இல் வெளிவந்த தம் நூலில், திருவிழா மைதானத்துக் கிளர்ச்சியில் மூன்று கூறுகளை அவர் பிரித்துக் காட்டினார்: புறத்தே ஓர் ஆபத்து உண்டு என்னும் அறிவு, அதற்குத் தன்னை விரும்பி ஒப்புக்கொடுத்தல், எல்லாம் நலமாகவே முடியும் என்னும் நம்பிக்கை. அதற்கு முந்தைய ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா, விளையாட்டுகளை நான்காக வகுத்தபோது தலைச்சுற்றலை நாடும் ஆட்டங்களுக்குத் தனியிடம் கொடுத்தார். நம் சிறுவர்கள் சுற்றும் தட்டாமாலை அந்த வகையைச் சேர்ந்தது. கய்வாவின் வகைப்பாடு அழகானது. எனினும் விலை கொடுத்து வாங்கும் அச்சத்துக்கு பாலிண்டின் மூன்றாவது கூறே திறவுகோல். கிழங்கு விலை எப்போது ஏறும் என்பதையோ, பெண்ணுக்கு வரன் எப்போது அமையும் என்பதையோ யாரும் சொல்ல முடியாது. அந்த அச்சங்களுக்கு மூடும் நேரம் இல்லை. கோஸ்டரின் அச்சம் இரண்டு மூன்று நிமிடங்களில், ஏறிய அதே மேடையில் முடிகிறது. ஆகவே அங்கே விற்கப்படும் சரக்கு அச்சமன்று, அச்சத்தின் முடிவு. இறங்கும்போது காரணமின்றிச் சிரிக்கும் முகங்கள் இதற்குச் சான்று.

இதற்கு நேர்மாறான அச்சத்தை இந்தச் சமவெளியின் தொழில்களே காட்டுகின்றன. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் எண்ணிடப்பட்ட 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மிளகும் பலாவும் ஏற்றி அதில் இறங்கும் வண்டியோட்டிக்கு ஒவ்வொரு வளைவும் கூலிக்காகக் கடக்கும் ஆபத்து, சுற்றுலாப் பயணிக்கு அதே வளைவு பொழுதுபோக்கு. வளைவில் குமட்டுவதும் பெரும்பாலும் பயணிக்குத்தான். அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே அறிந்து சக்கரத்தைத் திருப்பும் ஓட்டுநரின் உடல் அதற்கு ஆயத்தமாகிவிடுகிறது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடும் நாமக்கல் லாரியோடும் மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் திரியும் ஒருவர், ஊர்த் திருவிழாவுக்கு வந்து மகனோடு ராட்டினத்தில் ஏறினால், அது துணிச்சலைக் காட்டுவதற்காக இருக்க முடியாது. பொறுப்பு தம் கையில் இல்லாத சில சுற்றுகள் அவருக்கு ஓய்வு.

கோஸ்டர் ஆர்வலர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் சிலர் இந்த ஓய்வைத்தான் இழக்கிறார்கள். அமெரிக்காவில் 1978-இல் ஆர்வலர் சங்கமே தோன்றியது. ஏறிய கோஸ்டர்களின் எண்ணிக்கையைக் கணக்கு வைப்பது அவ்வுலகின் வழக்கம். நூறு, இருநூறு என்று கணக்கு ஏறும்போது ஏறுவதே வேலையாகிவிடுகிறது. ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு ஓடுபவர் லாரித் தவணைக்காரரின் அவசரத்தை விடுமுறைக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறார். ஒரே கோஸ்டரில் முதல் வரிசையில் ஒருமுறையும் கடைசி வரிசையில் ஒருமுறையும் அமர்ந்து பார்ப்பவருக்கு வாய்ப்பது வேறு. முன்வரிசை காட்சியைத் தருகிறது. முன்பெட்டிகள் இறங்கத் தொடங்கியபின் உச்சியைத் தாண்டும் கடைசி வரிசையோ வேகமாகக் கீழே இழுக்கப்பட்டு எடையற்ற நொடியை மிகுதியாகத் தருகிறது. இருபது ஊர் அலைவதைவிட இந்த ஓர் ஒப்பீடே அதிகம் கற்பிக்கும்.

நலமாகவே முடியும் என்னும் நம்பிக்கை, மரக்கட்டையை மட்டம் பார்த்தவர், எதிர்ப்பெட்டிக்கு எடை பார்த்தவர், காலையில் ஆளில்லாப் பெட்டியைச் சோதனையாக ஓட்டியவர் ஆகிய முன்பின் அறியாதவர்களின் கைகளில் இருக்கிறது. பூங்காவில் அவர்களைக் காண முடிவதில்லை. திருவிழா மைதானத்தில் காண முடிகிறது. எனவே அடுத்த ஆடியில் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றுவோர், பெட்டியின் குறுக்குக் கம்பியை ஒருமுறை தம் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு அமர்த்துங்கள். அது சரியாகப் பூட்டவில்லையென்றால், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் என்ன சொன்னாலும், அவர்களை இறக்கிவிடுங்கள்.