பாட்டு நின்ற இடம்



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும், கட்டுச்சோறும் ஆர்மோனியமும் எடுத்துக்கொண்டு சில குடும்பங்களாய்க் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்க் கரையோரம் நடந்தோம். ஷிப்டு வேலையினால் பிள்ளைகளைத் தூக்கத்திலேயே பார்க்கும் தகப்பன்மார் அன்று அவர்கள் கையைப் பிடித்து நடந்தார்கள். (எனக்கு அதுவே பாதிப் பிரசங்கம்.)

மரநிழலில் அமர்ந்து, அர்ச். பிராஞ்சீஸ்கு அசிசியாரின் சிருஷ்டி கீதத்தைப் பாடினோம். 1225-ம் ஆண்டுவாக்கில், பார்வை மங்கி நோயில் கிடந்தபோது தண்ணீரைச் சகோதரி என்றழைத்து அவர் பாடியது. மறைந்த பாப்பரசர் பிராஞ்சீஸ்கு 2015-ல் எழுதிய நிருபத்துக்குப் பெயர் தந்ததும் அக்கீதமே.

தண்ணீரைப் பற்றிய அடி வந்ததும் ஒரு சிறுவன் கேட்டான்: "சுவாமி, இந்தத் தண்ணீருமா?"

ஆர்மோனியம் நின்றது. மதகடியில் வெள்ளை நுரை குவிந்து நாறியது. நந்திமலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூர்க் கழிவைச் சுமந்து நம்மிடம் வருகிறது. கிருஷ்ணகிரி அணைக்கு அது போகுமுன் நம் வீட்டுச் சாக்கடையும் ஆலைத் தண்ணீரும் அதில் சேரவில்லையென்று சொல்ல நமக்கு நா எழுமோ?

"இவளுந்தான், மகனே. நோயாய்க் கிடக்கிறாள்" என்றேன்.

மறுபடி பாடினோம், சற்றுத் தாழ்ந்த குரலில்.