மறைப்பும் உரைப்பும்

தீய எண்ணத்தோடு செய்யப்படும் ஹிம்சையை இனங்காண்பது எளிது. நன்மையையே கருதி, விழிப்போடும் செய்யப்பட்ட ஒரு செயலால் தீங்கு விளைந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், செய்தவர் கடன் யாது? இவ்வினாவை அண்மைக்கால மருத்துவ உலகில் மிகக் கூர்மையாக எழுப்பியது, எச்.ஐ.வி. கிருமியைத் தடுப்பதற்கென உருவாக்கப்பட்ட ஊசிமருந்து ஒன்றின் சோதனையாகும். அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

தடுப்பூசிச் சோதனை என்பது நோயாளிக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பதன்று. நல்ல உடல்நலம் உடையவர்களே அதற்கு முன்வருகின்றனர். அவருள் ஒரு பாதியினர்க்கு மருந்தும், மறுபாதியினர்க்கு மருந்தற்ற வெற்றூசியும் செலுத்துவர். எவர்க்கு எது என்பது ஏற்பவர்க்கும் தெரியாது, ஏற்றுபவர்க்கும் தெரியாது. தெரிந்தால் நடத்தை மாறும், கணக்குப் பிழைபடும் என்பதே காரணம். பின்னர் எப்பாதியில் எத்தனை பேருக்குத் தொற்று நேர்ந்தது என்று எண்ணுவர். அதே வேளையில் அறிவுரை கூறியும் ஆணுறை வழங்கியும் எவர்க்கும் தொற்றாதவாறு காக்க வேண்டியதும் அவர்களது கடமையே. எவர்க்குமே தொற்றாவிடில் சோதனைக்கு விடை கிடைக்காது! இம்முரண்பாடு என் உள்ளத்தை உறுத்தியதுண்டு. ஆயினும் இங்குள்ள மறைப்பை வஞ்சம் என்று கூற இயலவில்லை. மறைக்கப்படும் என்பதை முன்னரே அறிந்து இசைந்தவரிடமே அது மறைக்கப்படுகிறது. (மனிதர்க்கு முன்னதாக இம்மருந்துகளை ஏற்ற குரங்குகளிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. அது தனியே எழுத வேண்டிய பொருள்.)

மெர்க் நிறுவனம் உருவாக்கிய மருந்தைக் கொண்டு 'ஸ்டெப்' என்னும் சோதனை 2004 டிசம்பரில் தொடங்கியது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலுமாக 3,000 பேர் பங்கேற்றனர். சளிக்குக் காரணமான அடினோ வைரஸ் ஒன்றைச் செயலிழக்கச் செய்து, எச்.ஐ.வி.யின் மூன்று மரபணுக்களை அதனுள் வைத்திருந்தனர். முழுக் கிருமி அதில் இல்லையாதலால் ஊசியினாலேயே நோய் வர வழியில்லை. எனினும் 2007 செப்டம்பரில் இடைக்கணக்குப் பார்த்தபோது மருந்து பயனற்றது என்பது தெளிவாகி, சோதனை நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த கணக்கு இன்னும் கலங்க வைத்தது. மருந்து பெற்ற ஆண்கள் 914 பேரில் 49 பேருக்கும், வெற்றூசி பெற்ற 922 பேரில் 33 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. அந்தச் சளி வைரசுக்கு முன்னரே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தவர்களிடமும், சுன்னத்துச் செய்யப்படாதவர்களிடமும் வேறுபாடு மிகுந்து தோன்றியது. காக்க வந்த மருந்தே தொற்றுக்கு எளிதாக இடங்கொடுக்கச் செய்துவிட்டதோ என்ற ஐயம் பிறந்தது.

அப்போது தென்னாப்பிரிக்காவில் அதே மருந்தைக் கொண்டு 'பம்பிலி' என்ற சோதனை நடந்துகொண்டிருந்தது. 'முன்னோக்கிச் செல்லுதல்' என்பது அச்சொல்லின் பொருள். 801 பேர் சேர்ந்திருந்த நிலையில் அதுவும் நிறுத்தப்பட்டது. மேற்கொண்டு ஊசி இல்லை என்றாயிற்று. ஏற்கெனவே ஊசி பெற்றவர்களிடம், 'உமக்குச் சென்றது மருந்து, உமக்குச் சென்றது வெற்றூசி' என்று உரைப்பதா, உரையாது இன்னும் சில ஆண்டுகள் கணக்கெடுப்பதா?

உரையாதிருக்க வேண்டும் என்பதற்கும் வலுவான காரணம் இருந்தது. மருந்து உண்மையிலேயே தீங்கிழைக்கிறதா என்பதை அறிய வேறு வழியில்லை. அதனை அறிந்தால் நாளை எத்தனையோ ஆயிரவர் காக்கப்படலாம். மறுபுறம், தமக்கு ஆபத்து மிகுந்துள்ளதோ என்பதை அறிய வேண்டியவர் அறியாமலே இல்லறம் நடத்திக்கொண்டிருப்பர்.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்குமிடத்து உயிர்க்கு ஊறு நேர்வதை மட்டும் கூறி அமையவில்லை. பிரமத்தத்தை, அதாவது விழிப்பின்மையை, அதன் வேராகக் காட்டுகிறது. ஈரியா சமிதியோடு நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் அறியாது ஓர் உயிர் மடிந்தால் அக்கொலை அவரைச் சாராது என்பதை நாம் அறிவோம். அவ்விடத்தில் உயிர் உண்டென்று கண்ட பின்னரும் அடி வைத்தால்? செப்டம்பருக்கு முன் அம்மருத்துவர்கள் நிலம் நோக்கி நடந்தவர்களே. ஐயம் எழுந்த பின் வாய் மூடியிருந்தால் அது வேறு செயல். பங்கேற்றவர் இசைந்தது, எவர்க்கும் தெரியாத ஒன்று தம்மிடமும் மறைக்கப்படுவதற்கே. தெரிந்த ஆபத்து மறைக்கப்படுவதற்கு அன்று.

பம்பிலியில் சில வாரங்களுக்குள் உண்மை உரைக்கப்பட்டது. ஸ்டெப் சோதனையிலும் நவம்பரில் அவ்வாறே முடிவாயிற்று.

இதனை ஓர் அன்பரிடம் கூறியபோது, "ஒழுக்கம் தவறியவர்க்கு வரும் நோய், இதில் மருத்துவர்க்கு என்ன கடன்?" என்றார். நம்மவரிடையே இவ்வெண்ணம் பரவலாக உண்டு. கணவன் ஒருவனையன்றி அறியாத மனைவியர் எத்தனையோ பேருக்கு இந்நோய் வந்ததை நம் நாட்டிலேயே கண்டோம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் 1986-இல் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 2006-இல் வேறு வகையான தடுப்பூசி ஒன்றின் முதற்கட்டச் சோதனையும் சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடைபெற்றது. அங்கும் நலமுடையோரே கை நீட்டினர். இத்தகைய ஊசி பெற்றவர் சிலருக்கு, நோய் இல்லாதபோதும் இரத்தப் பரிசோதனை நோய் உள்ளதாகக் காட்டக்கூடும். அதனையும் அறிந்தே முன்வந்தவர்களை ஒழுக்கங்கெட்டவர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மை உரைத்ததற்கு விலையும் இருந்தது. பம்பிலியில் பங்கேற்றவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். இரு பகுதியிலும் ஏறத்தாழ 400 பேர். மருந்து பெற்றவருள் 63 பேருக்கும், வெற்றூசி பெற்றவருள் 37 பேருக்கும் தொற்று. ஆயின் தமக்குச் சென்றது எது என்று அறிந்த பின் அவர்தம் நடத்தையும், தொடர்ந்து வந்து சோதித்துக்கொண்டவர் தொகையும் மாறியிருக்கலாம். ஆகையால் இவ்வேறுபாடு முழுவதையும் மருந்தின் மேலேற்ற இயலாது. உரைத்தால் கணக்குக் கலங்கும் என்றவர்கள் சொன்னதும் பலித்தது. அவர்களை நான் குறைகூறவில்லை. எனினும் அந்த 63 பேரில் ஒருவர், "நீங்கள் முன்பே அறிந்திருந்தீர்களா?" என்று கேட்டிருந்தால், அம்மருத்துவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே விடை கூறியிருக்க முடியும்.