எவ்வளவு கறுப்பு

அப்பா நல்ல கறுப்பு. மேலூர்ப் பக்கத்து வயல்வெயில் ஏறிய நிறம். காரியத்தன்று மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. கல்யாணமான புதிதில் மதுரையில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றின் நெகட்டிவ் டிரங்குப் பெட்டியில் கிடந்தது, லேபில் கொடுத்தேன். பெரிதாகி வந்த படத்தில் வெளுத்த மனிதர் ஒருவர் இருந்தார். கன்னத்து அம்மைத் தழும்பைக் காணோம். கேட்டேன். "மிஷின் அப்படி எடுத்துக்கிருச்சு சார்" என்றார் ஆபரேட்டர். வீட்டில் அம்மா, "கல்யாணத்தப்ப இப்படித்தான் இருந்தார்" என்றாள்.

படம் பொய் என்று அவளிடம் சொன்னேன். சொன்ன பிறகு அந்த வார்த்தை எனக்கே உறுத்தியது.

நெகட்டிவில் ஒரு முகம் தயாராக இருக்கிறது, அதை அப்படியே காகிதத்துக்கு மாற்றுவதுதான் பிரிண்ட் என்று நம்புகிறோம். இருட்டறையில் அரைமணி நேரம் நின்றவனுக்கு இந்த நம்பிக்கை மிஞ்சாது. சிவப்பு விளக்கின் கீழ், என்லார்ஜருக்கடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, அட்டையால் மறைத்து, ஐந்தைந்து வினாடியாக நகர்த்தி ஒளி காட்டுகிறார்கள். டெவலப்பரில் போட்டதும் நெற்றி 5 வினாடி வெளுப்பிலும் தாடை 25 வினாடிக் கறுப்பிலும் எழும்பி வருகிறது. ஒரே நெகட்டிவ், ஐந்து நிறம். இதில் எது அப்படியே இருப்பது? யாராவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த பிறகே முழுக் காகிதம் டெவலப்பருக்கும், அசிட்டிக் அமிலத் தொட்டிக்கும், ஹைப்போவுக்கும் போகிறது. முகத்தை மட்டும் வெளுப்பாக்க வேண்டுமானால் ஒளிவரும் பாதையில் சற்று நேரம் கையை நீட்டி மறைத்தால் போதும். இருட்டறையில் ஒரு முகம் சிவப்பாவது அதற்கு ஒளியை மறுப்பதால்தான்.

நெகட்டிவை ஸ்வரக் குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டவர் பியானோ பயின்ற ஆன்ஸல் ஆடம்ஸ். ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கச்சேரியில் அபஸ்வரம் என்று ஒன்றும் உண்டு. எல்லாமே வியாக்யானம்தான் என்று கைகழுவுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மதுரைக்கே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இங்கே வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் படம்பிடித்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அக்காலத்து ரசாயனம் நீலத்துக்கு அளவுமீறி இணங்கும். பிரிண்டில் வானம் வெற்று வெளுப்பாகிவிடும். டிரைப் தம்முடைய பல நெகட்டிவ்களில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். அதே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு வைத்தார். மேகத்தைத் தீட்டிய கை கல்லெழுத்தில் ஒன்றைத் தானாக எழுதிச் சேர்த்ததாகத் தெரியவில்லை. வானம் தீர்மானிக்க வேண்டிய விஷயம். எழுத்து தீர்மானத்துக்கு உட்படாதது. இந்த வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

கலர் வந்தபின் தீர்மானம் ஆளை விட்டு விலகத் தொடங்கியது. 1950களிலிருந்து கோடக் கம்பெனி லேபுகளுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்; முதலில் நின்றவளின் பெயரால் ஷெர்லி அட்டை என்றே அது வழங்கியது. அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுத்த முகங்கள் அந்த அளவில் சேறாகிப் போயின. தங்கள் சரக்கின் பழுப்புகள் படத்தில் பிரிந்து வரவில்லை என்று சாக்லேட் விற்றவர்களும் மரச்சாமான் விற்றவர்களும் புகார் செய்தது பிலிம் திருந்தியதற்கு ஒரு காரணம் என்கிறார் இதை ஆராய்ந்த லோர்னா ராத். பல நிறத்தவர் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் பயங்கரம். ஒருவருடைய தேர்வு 'நார்மல்' என்று பெயர் மாற்றிக்கொண்டால் அதற்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போகிறது.

இன்றைய லேபில் நெகட்டிவை ஸ்கேன் செய்கிறார்கள். லேசர் ஒளி வெள்ளி உப்புக் காகிதத்தில் படத்தை எழுதுகிறது. காகிதம் ரசாயனத் தொட்டிகளில் நீந்தி மறுபக்கம் வருகிறது. நடுவில் நிறத்தைத் திருத்துவதும் தோலை மழுங்கச் செய்வதும் கம்ப்யூட்டர். 'மிஷின் எடுத்துக்கிருச்சு' என்ற பதில் எனக்கு அன்னியமல்ல. 'சிஸ்டம் ஏத்துக்கலை' என்று வங்கிக் கவுண்டரில் நானும் தினம் சொல்கிறவன்தான். இந்த வாக்கியங்களில் எழுவாயாக ஒரு மனிதன் இல்லை.

மறுநாள் லேபுக்குப் போய் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போடச் சொன்னேன். ஆபரேட்டர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "எம்புட்டுக் கறுப்பு வேணும் சார்?"

நியாயமான கேள்வி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரிந்தவர் நாற்பதைத் தாண்டிய மனிதர். அந்த நெகட்டிவில் இருந்தவரை நான் பார்த்ததே இல்லை; அம்மா பார்த்திருக்கிறாள். அவளை அழைத்துவந்து திரைக்கு முன் உட்காரவைத்தேன். நிறத்தை அவள் சொன்னாள். முதல் படத்தைவிடச் சற்றே கறுப்பு, நான் நினைத்ததைவிட நிறைய வெளுப்பு. ஏற்றுக்கொண்டேன். தழும்பை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. அது நெகட்டிவில் இருக்கிறது.