பாறணை இலையில் என்ன இருக்கிறது?

(கந்த சஷ்டி விரதத்தின் முதல் நாள் மாலை, பூசை முடிந்தபின் ஆலய மண்டபத்தில் நிகழ்த்திய உரை)



ஐப்பசி அமாவாசை கழிந்து இன்று பிரதமை. காலையிலே காப்புக் கட்டியவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். சிலர் ஆறு நாளும் தண்ணீரோடு இருப்பீர்கள், சிலர் பாலும் பழமும் எடுப்பீர்கள், வேலைக்குப் போகிறவர்கள் ஒருநேரச் சாப்பாட்டோடு இருப்பீர்கள். அவரவர் சக்திக்கு ஏற்றபடி இருந்தால் போதும், முருகன் கணக்குப் பார்ப்பதில்லை. வழக்கமாக இந்த முதல் நாளில் நான் சூரபன்மனின் தவத்திலே கதையைத் தொடங்குவேன். இம்முறை கதை நாளைக்கு. இன்று ஏழாம் நாள் காலைப் பாறணையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இது என்ன, பட்டினி கிடக்கிறவர்களிடம் சாப்பாட்டுக் கதையா என்று சிரிக்காதீர்கள்.

என் நெஞ்சிலே அறுவைச் சிகிச்சை நடந்தது உங்களிற் பலருக்குத் தெரியும். அப்போது எனக்கு 52 வயது. மூன்று குழாய்கள் அடைபட்டிருந்தன. சிறுவயதிலே தீட்சை கேட்டவன் நான். மச்சம், மாமிசம், முட்டை தொட்டதில்லை. சுருட்டு, மது இல்லை. வைத்தியசாலைக் கட்டிலிலே கிடந்து, "முருகா, சைவமாகத்தானே இருந்தேன், எனக்கு ஏன் இது?" என்று கேட்டு அழுதேன். அது பக்தியா, கோபமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் உணவு ஆலோசகர் ஒரு பெண்பிள்ளை வந்தாள். காலையிலிருந்து இரவுவரை என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். காலையில் வெள்ளைப் பாணும் பட்டரும், இல்லாவிட்டால் இடியப்பமும் சொதியும். மத்தியானம் வெள்ளைச் சோறு, பருப்பு, அதன்மேல் நெய், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், ஊறுகாய். பின்னேரம் இரண்டு கரண்டி சீனி போட்ட தேநீரோடு முறுக்கோ மிக்சரோ. இரவு பிட்டு. வெள்ளிக்கிழமை கோயிலிலே வடை, பொங்கல், பாயசம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "மரக்கறி எங்கே?" என்று கேட்டாள். "உருளைக்கிழங்கு சொன்னேனே" என்றேன். பிள்ளை சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. சைவ உணவு என்பது பிற உயிரைக் கொல்லேன் என்று நாம் எடுத்துக்கொண்ட விரதம். அந்த உயிர்களுக்காக எடுத்தது. என் இருதயத்துக்கு அது காப்புறுதிப் பத்திரம் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். பருப்பும் கீரையும் காயும் நிறைந்த சைவமும் உண்டு, நெய்யும் சீனியும் பொரித்த பண்டமும் நிறைந்த சைவமும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததுதான் என் பிழை.

கொழுப்பு எப்படி அடைக்கிறது என்று வைத்தியர் எனக்கு விளக்கினார். நெய், பட்டர், தேங்காய் எண்ணெய் இவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு கூடினால், இரத்தத்திலே அலையும் கெட்ட கொலஸ்ரோலை ஈரல் உள்ளே இழுத்துக்கொள்வது குறைகிறது. அது மிஞ்சி நின்று, குழாய்ச் சுவருக்குள்ளே போய்ப் படிகிறது. படிந்த இடம் புண்போல் அழன்று தடிக்கிறது. பல வருடங்கள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் அது வெடிக்கும், அங்கே இரத்தம் உறையும், குழாய் அடைபடும். கொரிய யுத்தத்தில் இறந்த அமெரிக்கப் போர்வீரர் 300 பேரின் இருதயங்களை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் 1953-இல் எழுதினார்கள்: சராசரி வயது 22, ஆனால் நூற்றுக்கு 77 பேருக்கு மேல் குழாய்களிலே நோயின் அடையாளம் இருந்தது. ஆகவே இங்கே பின்வரிசையில் அமர்ந்து மணிக்கூட்டைப் பார்க்கும் இளைஞர்களே, இந்தப் பேச்சு அப்பா அம்மாவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

எங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. வெள்ளைச் சோறும் சீனியும் மாப்பண்டமும் அளவுக்கு மிஞ்சும்போது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாது போகிறது, நல்ல கொலஸ்ரோல் இறங்குகிறது, டிரைகிளிசரைட் ஏறுகிறது. மெலிந்த கை கால், முன்னே தள்ளிய வயிறு: எங்கள் சங்கப் பொதுக்கூட்டப் படத்தை எடுத்துப் பாருங்கள். தென்னாசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதற்கு மேலே போனால் கவனம் வேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த எல்லை.

கேரளத்திலே பிறந்து கனடாவிலே பணிபுரியும் சலீம் யூசுப் என்ற இருதய வைத்தியர் தலைமையில் 52 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2004-இல் வெளியானது. மாரடைப்பு வந்தவர்கள் சுமார் 15,000 பேர், வராதவர்கள் ஏறத்தாழ அதே அளவு பேர். புகைத்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் தினம் உண்ணாமை, உடலுழைப்பின்மை, இவற்றோடு மதுப் பழக்கமும் சேர ஒன்பது விடயங்களே ஆண்களிலே நூற்றுக்கு 90 பங்கு அபாயத்தை விளக்கப் போதுமாயிருந்தன. பெண்களில் 94 பங்கு. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளைத் தனியே எடுத்து 2007-இல் பார்த்தபோது, முதல் மாரடைப்பு 53 வயதளவில் வந்திருந்தது. மற்ற நாட்டவருக்கு 59 அளவில். ஆறு வருடம் முந்துகிறது. பழமும் மரக்கறியும் தினம் உண்பவர்களும் உடற்பயிற்சி செய்பவர்களும் எங்களிலே குறைவாக இருந்தார்கள் என்றும் அதிலே கண்டார்கள்.

இனி நீங்கள் கேட்கப் போகும் கேள்வி எனக்குத் தெரியும். "ஐயா, எல்லாம் வினைப்பயன் அல்லவா? எழுதினது எழுதினபடிதானே நடக்கும்?" சித்தாந்தம் படித்தவர்களே இப்படிக் கேட்கிறபோது எனக்குச் சற்றுக் கோபம் வருகிறது. வினையை மூன்றாகப் பிரித்ததே எங்கள் சமயம். சேர்த்து வைத்தது சஞ்சிதம், இந்த உடம்போடு அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது செய்து ஏற்றிக்கொள்வது ஆகாமியம். என் தகப்பனாரும் நெஞ்சு வருத்தத்தால்தான் போனார். அந்த இரத்தம் எனக்கு வந்தது, அதைப் பிராரத்தம் என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதன்மேல் தினந்தோறும் நான் ஊற்றிய நெய்யை எந்தக் கணக்கில் எழுதுவது? விதி என்று சொல்லிக்கொண்டே நாலாவது வடைக்குக் கை நீட்டியது நான்தானே. திருவள்ளுவர் "மருந்து" என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதன் பத்துக் குறளில் முதல் ஏழும் உணவின் அளவைப் பற்றியே போகின்றன. வைத்தியன் வருவது அதன் பின்னால்தான். திருமூல நாயனாரும் உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமாகக் கண்டு அதைப் பேணியவர்.

எனது பக்கத்துக் கட்டிலிலே ஒரு கிரேக்க முதியவர் இருந்தார். 84 வயது. அவருடைய மகள் ஒரு பாத்திரத்திலே பருப்புக் கஞ்சி போல ஒன்று கொண்டுவருவாள், மேலே ஒலிவ் எண்ணெய் மிதக்கும். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார். உப்பும் உறைப்பும் குறைவு, மற்றபடி நம்மூர்ப் பருப்புத்தான். பின்னாளில் மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது அவரை நினைத்துக்கொண்டேன். ஜப்பான், சுவீடன், கிரேக்கம், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 70 வயது கடந்த 785 பேரை ஏழு வருடம்வரை கவனித்தார்கள். மெல்பேர்ணில் குடியேறிய கிரேக்கர்களும் அதிலே இருந்தார்கள். பருப்பு, கடலை, பயறு வகைகள் தினம் 20 கிராம் கூடக்கூட மரண அபாயம் நூற்றுக்கு 7, 8 பங்கு குறைந்து காணப்பட்டது. மற்ற எந்த உணவு வகையும் இவ்வளவு தெளிவாக ஆயுளோடு சேர்ந்து நிற்கவில்லை. 20 கிராம் கடலை என்றால் ஒரு சிறங்கைகூட இல்லை. நவராத்திரி ஒன்பது நாளும் நாங்கள் அவித்துப் படைத்த சுண்டல் அல்லவா அது! வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியிலே வைத்து மறந்துவிட்டு, பிறகு எறிந்த சுண்டல்.

இந்த நாட்டின் ஆதிக்குடிகளின் கதை ஒன்றும் உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவின் கிம்பர்லிப் பகுதியில் நீரிழிவு உள்ள பத்துப் பேர் ஏழு வாரம் தங்கள் பாரம்பரிய நிலத்துக்குத் திரும்பி, முன்னோர்போல் தேடி உண்டு வாழ்ந்தார்கள். பேராசிரியர் கெரின் ஓடே அதை 1984-இல் எழுதினார். சராசரி எட்டுக் கிலோ எடை இறங்கிற்று, இரத்தத்தில் சீனியும் டிரைகிளிசரைட்டும் நன்றாக இறங்கின. அவர்கள் உண்டது காட்டு இறைச்சியும் மீனும் கிழங்கும். சைவமல்ல. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறந்த மண்ணின் உணவை விட்டுக் கடைமாவுக்கும் சீனிக்கும் வந்தவர்களுக்கு என்ன நடந்தது, திரும்பிப் போனபோது என்ன நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன். நாங்களும் குரக்கனையும் ஒடியல்மாவையும் தினையையும் முருங்கையிலையையும் விட்டு வந்தவர்கள்தானே. ஹோம்புஷ், பென்டில் ஹில் கடைகளிலே குரக்கன் மா இருக்கிறது. நாங்கள் தாண்டிப்போய் மிக்சர்ப் பைகளை எடுக்கிறோம்.

தேங்காயைப் பற்றிக் கேட்காமல் யாரும் என்னை விடமாட்டீர்கள். பசிபிக் தீவுகளான தொக்கெலாவ், புக்காபுக்கா மக்கள் தேங்காயை நிறைய உண்டும் இருதய நோய் அரிதாக இருந்தது என்று நியூசிலாந்து வைத்தியர் இயன் பிரையரும் குழுவினரும் 1981-இல் எழுதினார்கள். உண்மை. ஆனால் அவர்கள் தேங்காயை மீனோடும் ஈரப்பலாவோடும் உண்டு, உடல் முறிய உழைத்தவர்கள். சீனி பெரிதாக அறியாதவர்கள். நாங்கள் சொதியைக் குடித்துவிட்டுக் காரிலே ஏறுகிறோம். தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ரோலை ஏற்றுகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெளிவாகியிருக்கிறது. கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுக் கீரை சுண்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. தாளிப்பதற்கும் பொரிப்பதற்கும் வேறு எண்ணெய் எடுங்கள், கனோலா, சூரியகாந்தி, நல்லெண்ணெய், எதுவானாலும். பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து நாலு நாள் பாவிக்கும் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

சென்ற வருடப் பாறணையன்று இந்த மண்டபத்திலே ஓடியோடிப் பரிமாறிய ஒருவர் இன்று இல்லை. 47 வயது. பெயர் சொல்லத் தேவையில்லை, இரண்டு பிள்ளைகளும் முன்வரிசையில் வந்து இருக்கிறார்கள். எல்லாருக்கும் பரிமாறி முடித்து அவர் கடைசியாக இருந்தபோது, "இன்னும் இரண்டு வையுங்கோ" என்று அவருடைய இலையிலே வடையை வைத்தது நான். அந்த வடைதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஒருநாள் வடை யாரையும் கொல்வதில்லை. ஆனாலும் என் கை அதை மறக்கவில்லை. அன்பு என்றால் இலையை நிரப்புவது என்றுதான் எங்களுக்குத் தாய்மார் பழக்கினார்கள். பஞ்சம் கண்ட காலத்துப் பழக்கம் அது.

கந்தபுராணத்திலே முருகன் சூரனைக் கொன்றொழிக்கவில்லை. மாமரமாய் நின்றவனை வேல் பிளந்தது, பிளந்தவை மயிலும் சேவலும் ஆயின. ஒன்றை ஊர்தியாகவும் ஒன்றைக் கொடியாகவும் வைத்துக்கொண்டார். நாக்கின் ஆசையையும் அப்படித்தான் நடத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைக் கொல்லப் போனால் ஏழாம் நாளே பழிவாங்கும்.

ஆகவே நிர்வாக சபையோடும் மடைப்பள்ளிப் பெண்களோடும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். சுவாமிக்குப் படைக்கும் நைவேத்தியத்திலே கை வைக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் முறைப்படி நெய்யோடுதான் இருக்கும், பிரசாதமாக ஒரு கரண்டி கிடைக்கும். மாற்றம் அன்னதானத்திலே. வெள்ளை அரிசிக்குப் பதிலாகப் புழுங்கல் குத்தரிசி, அளவோடு. விருப்பமானவர்களுக்கு பாஸ்மதி. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஜெனி பிராண்ட் மில்லர் அம்மையாரின் குழு நெடுங்காலமாக அளந்து பார்த்ததில், பாஸ்மதியும் இங்கே விளையும் டூங்காரா அரிசியும் பல வெள்ளை அரிசிகளைவிட மெதுவாகவே சீனியாக மாறுகின்றன. பருப்பு இரண்டு மடங்கு, கீரை, பூசணி, பயிற்றங்காய், கரட் சம்பல், மோர். ஆளுக்கு ஒரு வடை. அப்பளமும் ஊறுகாயும் இல்லை. இதைக் கேட்டதும் அங்கே ஒரு பெருமூச்சு வந்தது, கேட்டது.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயிலும் அப்பளத்திலுமே பாதி போய்விடும். சிட்னியின் ஜோர்ஜ் நிறுவனம் சீனத்தில் 600 கிராமங்களிலே நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. சோடியத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பொற்றாசியம் கலந்த உப்பைப் பாவித்தவர்களிடையே பக்கவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொட வேண்டாம்.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் முழுப்பட்டினி இருக்கக்கூடாது. மயங்கி விழுந்தால் முருகனுக்கு அதனால் ஒரு பெருமையும் இல்லை. ஒருநேர விரதமாக, வைத்தியரிடம் மருந்தின் அளவைக் கேட்டு இருங்கள். 45 வயது வந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்களென்றால் 35 வந்தவர்கள், குடும்ப வைத்தியரிடம் இருதய அபாயத்தைக் கணித்துத் தரச் சொல்லுங்கள். 2023-இல் இந்நாட்டில் வெளியான வழிகாட்டி, தென்னாசியர் என்றால் கணிப்பை ஒரு படி உயர்த்திப் பார்க்க வைத்தியருக்கு இடம் தருகிறது. அவர் மறந்தால் நீங்கள் நினைவூட்டுங்கள். நெஞ்சு இறுகினால், வியர்த்துக் கொட்டினால், தாடையோ இடக்கையோ உளைந்தால், வாய்வு என்று சொல்லி இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். மூன்று பூச்சியத்தை அழுத்துங்கள். பெண்களுக்கு வலி இல்லாமல் களைப்பும் மூச்சு வாங்கலுமாக வருவதும் உண்டு.

சூரன் போர் முடிந்த இரவு மடைப்பள்ளியில் 15 கிலோ கடலை ஊறப்போட வேண்டும், கீரை ஆயவும் ஆட்கள் வேண்டும். எட்டு மணிக்கு வரக்கூடியவர்கள் வாசலிலுள்ள கொப்பியிலே பெயரை எழுதிவிட்டுப் போங்கள். ஆண்களும் எழுதலாம்.