நலிவும் கணக்கும்

பெரியப்பாவின் கால் விரல் கறுத்தபோது எனக்குள் எழுந்தது ஒரு தத்துவப் பிரச்னை என்று சொன்னால் அது இலக்கியப் பாசாங்கு. முதலில் வந்தது பயம்தான். யோசனை பிறகு வந்தது.

அம்மையார்குப்பத்தில் நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். பீடி. பிறகு சர்க்கரை. தொடையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு முன் எடை பார்த்தார்கள். ரத்தத்தில் ஆல்புமின் பார்த்தார்கள். ஒரு கைப்பிடியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் எவ்வளவு இளைத்தார் என்று கேட்டார்கள். கடைசியில் நலிந்தவர் என்று முடிவாயிற்று. மரியாதை தெரிந்த ஓர் இளம் டாக்டர், தேறுவது கஷ்டம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். என்னிடம். பெரியப்பா இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்தார்.

கணக்கு பொய்யல்ல. 1936ல் ஸ்டட்லி என்ற அமெரிக்க சர்ஜன், வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களில், எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்கள் மூன்றில் ஒருவர் இறந்ததையும், மற்றவர்களில் நூற்றுக்கு நாலு பேர்கூட இறக்காததையும் கண்டார். 2001ல் லிண்டா ஃப்ரீடும் சகாக்களும் நலிவுக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: இளைப்பு, களைப்பு, பிடித்தளர்ச்சி, மெதுநடை, நடமாட்டக் குறைவு. மூன்று இருந்தால் நலிந்தவர். திருத்தணி மலைக்கு 365 படி. கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டில் ஒரு வயசாளியைப் பற்றி விசாரித்தால், ‘இந்த வருஷம் படி ஏறினாரா?’ என்றுதான் கேட்போம். விஞ்ஞானம் கேட்பதும் அதையேதான், கூடுதல் கவனத்தோடு.

என்னை உறுத்துவது வேறு. வங்கியில் நான் தினம் பார்க்கும் கடன் மனுக்களிலும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண் குறைந்தவனுக்குக் கடன் இல்லை. கடன் கிடைக்காதவன் மேலும் நொடிக்கிறான். அடுத்த முறை எண் தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. கத்தி வைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவன் பிழைத்திருப்பானா என்பதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆருடமாக இருந்தது எந்தக் கணத்தில் தீர்ப்பாக மாறுகிறது என்பதைச் சொல்ல ஆளில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே நானும் சம்பளம் வாங்குகிறேன்.

‘இவர் நலிந்தவர்.’ இந்த வாக்கியத்தில் நலியவைத்தவன் இல்லை. உயரம், நிறம் போல நலிவும் அவர் சுபாவமாகிவிடுகிறது. தறிக்கூலியும் அரைவயிறும் அதில் எங்கே? இப்படி எழுதிக்கொண்டு போவது சுலபம். ஆனால் ஆல்புமின் பட்டினியால் மட்டும் குறைவதில்லை. உடம்பில் அழற்சி இருந்தாலே குறையும். அழுகும் விரலே அதை இறக்கிவிடும். என் கோபத்துக்கு இது வசதியாக இல்லை.

அளக்காமல் இருப்பது கருணை என்றும் நான் நினைக்கவில்லை. பார்க்காமல் அறுத்துப் படுக்கையில் போடுவது என்ன நியாயம்? தவிர, பைபாஸ் வேண்டாமென்றால் கால் போகும். காலை எடுப்பதும் அறுவைதான், அதே நலிந்த உடம்பில்தான். ஊட்டம் கொடுத்துத் தேற்றிவிட்டுச் செய்யலாம் என்றால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கறுத்த விரல் காத்திருக்காது. ஆக, இந்த அறிவு நம்மிடம் வந்து சேர்கிற இடத்தில் அதற்கு மறுப்பைத் தவிர உபயோகம் அதிகமில்லை. நடந்தால் ஆடுசதை இழுக்கிறது என்று அவர் சொன்ன வருஷங்களில் இதே கேள்விகளை யாராவது கேட்டிருக்கலாம். யாராவது என்ன, நானே. பண்டிகைக்குப் பண்டிகை அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவர் இலையைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன்.

“கைப்பிடியில எவ்ளோடா வந்தது?”

சொன்னேன்.

“தின்னதுக்கு அது சரிதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, செய்யச் சொல் என்றார்.

பிழைத்தார். விரல் போயிற்று, கால் இருக்கிறது. டாக்டர் கணக்கு பொய்த்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். மூன்றில் ஒருவர் சாவார் என்பது இருவர் பிழைப்பதால் பொய்யாவதில்லை. அவர் செத்திருந்தாலும் மெய்யாகியிருக்காது. இதை நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. ஆடிக்கிருத்திகைக்கு அவரை மலைக்கு வண்டியில்தான் அழைத்துப் போனோம்.