ஒரு சேணம், இரண்டு முதுகு

வலியோடு ஒரு காரியத்தைத் தொடர்ந்து செய்தால், அதை ஏன் இவ்வளவு சுலபமாக வீரம் என்று சொல்லிவிடுகிறோம்?

கேள்வியைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்வோம். குதிரையேற்றம் கற்றுக்கொண்டிருந்த ஒருவருக்குக் குறுக்கு பிடித்துக்கொள்கிறது. சில மாதம் ஓய்வு, மாத்திரை, பிசியோதெரபி. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் லாயத்து நினைப்பும் விடவில்லை. மறுபடி வகுப்புக்குப் போகலாமா?

எங்கள் எருமப்பட்டிப் பக்கம் இதற்குப் பதில் தயாராக இருக்கும். "வலிக்கத்தான் கண்ணு செய்யும், பொறுத்துக்கோ, பழகிப்போகும்." சொல்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். நாமக்கல் வட்டாரத்தில் லாரியை நம்பி வாழ்கிறவர்கள் ஏராளம். குறுக்கு வலியோடு நாள்கணக்கில் ஓட்டிவிட்டு வந்து, சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, அடுத்த லோடுக்குக் கிளம்புகிறவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பொறுத்துக்கொள்வது தத்துவம் இல்லை, சோறு.

ஆனால் டிரைவரின் வலி ஸ்டியரிங்குக்கு வலிக்காது. குதிரைக்கு அப்படி இல்லை. இடது இடுப்பு வலிக்கிற ஒருவர், தனக்கே தெரியாமல் வலது பக்கம் சாய்ந்து உட்காருவார். சேணத்தின் அழுத்தம் குதிரை முதுகின் ஒரு பக்கம் கூடிவிடும். குறுக்கு இறுகிப்போனால் குதிரையின் ஆட்டத்தோடு உடம்பு அசையாது. கை விறைக்கும், கடிவாள வார் இழுபடும். அதன் மறுமுனையில் இருக்கும் இரும்பு, குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஈறில் பதிந்திருக்கிறது. ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கிற பிராணிக்கு இதெல்லாம் தெரியாமல் போகுமா? பயிற்சியாளரிடம் "இப்ப வலி இல்லீங்கண்ணா" என்று சொல்லிவிடலாம். குதிரையிடம் சொல்ல முடியாது.

குதிரையின் பக்கத்துப் பதில் நம் காதில் விழுவதுதான் கஷ்டம். அது இரையாக வாழ்ந்த இனம்; வலியை வெளியே காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. காட்டும்போதும் நாம் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம். சண்டிக்குதிரை என்கிறோம். திமிர் என்கிறோம். பிரிட்டனைச் சேர்ந்த குதிரை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 2018-ல் 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். காதைப் பின்னுக்கு மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, தலையைச் சாய்ப்பது இப்படி. ஆள் ஏறியிருக்கும்போது இவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால், அந்தக் குதிரைக்கு எங்கேயோ வலி இருக்கலாம் என்று அர்த்தம். நாம் சண்டித்தனம் என்று அடித்துத் திருத்தப் பார்த்ததில் எவ்வளவு, "வலிக்குது, கொஞ்சம் இறங்கு" என்ற வேண்டுகோளாக இருந்திருக்கும்?

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அதை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைப் போரில் கொன்ற காரியின் குதிரைக்குப் பெயர் காரி. சிறுபாணாற்றுப்படை இப்படிப் பாடி வைத்திருக்கிறது. ஆளுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் என்பது அழகான நெருக்கம்தான். ஆனால் அந்தப் போர் வேண்டுமா என்று இரண்டு குதிரைகளிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் 'பொறுத்துக்கோ' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. வலி பட்டவனுக்குத்தான் அடுத்தவன் வலி தெரியும் என்று நம்புகிறோம். பல நேரம் நடப்பது நேர் எதிர். "நான் இதைவிட அதிகமா தாங்கினேன், உனக்கென்ன?" என்று மருமகளிடம் கேட்கிற மாமியார், ஜூனியரிடம் கேட்கிற சீனியர், எல்லோருமே வலி பட்டவர்கள்தான். தாங்கியதற்குக் கிடைத்த பாராட்டு, அடுத்தவரிடம் அதையே வசூலிக்கும் உரிமையாக மாறிவிடுகிறது. என் வலியை நான் தாங்கலாம், அது என் இஷ்டம். அதன் ஒரு பங்கை, மறுத்துச் சொல்ல வாயில்லாத ஒன்றின் முதுகில் இறக்கிவிட்டு, அதையும் சேர்த்து என் வீரம் என்று கணக்குக் காட்ட முடியாது.

அப்படியென்றால் வலி உள்ளவர்கள் குதிரை ஏறவே கூடாதா? டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் இதற்குச் சரியான மறுப்பு. 1944-ல், 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே அசைவு திரும்பவே இல்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் குதிரை நடைப் போட்டியில் பெண்களும் முதல்முறை கலந்துகொள்ள முடிந்தது. அதில் ஜூபிலி என்ற குதிரையில் ஏறி வெள்ளி வென்றார் ஹார்ட்டெல். 1956-லும் வெள்ளி. குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் மன உறுதிக் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. காலால் கட்டளை கொடுப்பதுதான் வழக்கமான முறை. அவருக்கு அந்த வழி அடைந்துபோனது. முதுகையும் உடல் எடையையும் லேசாக நகர்த்தி, குதிரைக்குப் புரிகிற இன்னொரு பாஷையை அவர் உருவாக்க வேண்டியிருந்தது. ஜூபிலி அதைக் கற்றுக்கொண்டது. உடம்பின் குறையை மறைத்து அந்தப் பாஷையை உருவாக்கியிருக்க முடியாது. குறையை நடுவில் வைத்துக்கொண்டுதான் இருவரும் பேசினார்கள்.

ஆகவே போகலாம். வலி மனிதனைத் தன் உடம்புக்குள்ளேயே பூட்டி வைக்கிற சாமான். வேறொரு உயிரைக் கவனிக்கச் சொல்லும் எதுவும் அந்தப் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் எங்கே வலிக்கிறது என்று பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இருபது நிமிட நடை போதும் என்றால் இருபது நிமிடம்தான். பதினைந்தாவது நிமிடத்தில் குதிரை காதை மடக்கினால், இடுப்பு இன்னும் தாங்கும் என்றாலும் இறங்கிவிட வேண்டும். இறங்கி, சேணத்தைக் கழற்றி, அதன் முதுகில் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் அது நெளிகிறது?